பயம் உடம்புக்குள் எப்படித் தங்குகிறது? மூளைப் பெப்டைட்டுகள், வாங்கிகள், நெருக்கீடு பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஓமோன்கள் பாடம் நடந்தால் வகுப்பு முடிந்தபிறகு யாராவது ஒரு பிள்ளை பின்னுக்கு நிற்கும், தன் அம்மாவுக்கு ஏன் இரவில் நித்திரை வருவதில்லை என்று கேட்க. பிறகு அம்மாக்களே கேட்கத் தொடங்கினார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் கோயில் வீதியிலும் கேட்ட கேள்விகளையும் சேர்த்து, மூளைக்குள் சுரக்கிற நியூரோபெப்டைட்டுகள் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் "உனக்கு மனத்தைரியம் காணாது" என்று சொல்லி ஒருவரின் வாயை அடைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது பிழை என்று காட்ட இந்த ஆராய்ச்சியே போதும் என்று நம்புகிறேன்.

நியூரோபெப்டைட் என்றால் என்ன?

அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. புரதம் எதனால் ஆனதோ அதே பொருள்தான், நீளம் குறைவு. ஒக்சிரோசினில் 9 அமினோ அமிலங்கள், நியூரோபெப்டைட் வை என்பதில் 36. இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை தெரியவந்திருக்கின்றன. நரம்புக் கலம் முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்து, பிறகு நொதியங்களால் அதை வெட்டித்தான் பெப்டைட்டை எடுக்கிறது. மற்றக் கடத்திப் பொருட்கள் மில்லிசெக்கன் கணக்கில் வந்து போய்விடும். பெப்டைட்டுகள் அப்படியில்லை, நரம்புக் கலம் விடாமல் கணத்தாக்கம் என்ற மின் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தால்தான் இவை கூடுதலாக வெளியே வரும், வந்துவிட்டால் திரும்ப உறிஞ்சி எடுக்கிற ஏற்பாடும் இல்லை, நொதியங்கள் உடைக்கும்வரை அங்கேயே பரவித் திரியும். பயமுறுத்தின விஷயம் ஒரு நொடியில் முடிந்தாலும் மனம் அடங்க நேரம் எடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

வாங்கி எதற்கு? பெப்டைட் இருந்தால் போதாதா?

போதாது. இரணைமடுத் தண்ணீர் வாய்க்கால் வழியே எல்லா வயலையும் தாண்டிப் போகும், ஆனால் வக்கடை வெட்டியிருக்கிற வயலுக்குள்தான் பாயும். பெப்டைட்டும் அப்படித்தான், தனக்குரிய வாங்கி இருக்கிற கலத்தில்தான் ஏதாவது செய்யும். வாங்கி என்பது கலமென்சவ்வில் பதிந்திருக்கிற ஒரு புரதம். வெளிப்பக்கம் பெப்டைட் வந்து ஒட்டினால் அதன் வடிவம் கொஞ்சம் மாறி, உள்பக்கம் ஜி புரதம் என்ற இன்னொரு புரதத்தைத் தட்டிவிடும், அதிலிருந்து கலத்துக்குள் ஒரு தொடர் வேலை ஆரம்பிக்கும்.

இதில் முக்கியமானது, வாங்கிகளின் எண்ணிக்கை நிரந்தரமில்லை. கலம் அவற்றைக் கூட்டும், குறைக்கும், சிலவேளை உள்ளே இழுத்து ஒளித்தும் வைக்கும். ஆகவே இரண்டு பேருடைய மூளையில் ஒரே அளவு பெப்டைட் சுரந்தாலும் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பயப்பட வேண்டும் என்றில்லை. 1973ல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டேஸ் பேர்ட்டும் சொலமன் ஸ்னைடரும் மூளையில் அபின் வகைப் பொருட்களுக்கான வாங்கியைக் காட்டினார்கள். அபின் எங்கள் உடம்பில் விளைவதில்லையே, பிறகேன் அதற்கு வாங்கி? அப்படியென்றால் மூளையே அதுபோல ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தேடினார்கள். 1975ல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் என்கெஃபலின் என்ற பெப்டைட்டைப் பிரித்தெடுத்தார்கள். வாங்கி முதலில், பெப்டைட் பிறகு. எனக்கு இந்தக் கதை படிப்பிக்க மிகவும் பிடிக்கும்.

ரீச்சர், பயந்தவுடன் உடம்புக்குள் வரிசையாக என்ன நடக்கிறது?

முதல் சில செக்கன்களில் நரம்பு வழியாக அதிரீனல் சுரப்பியின் நடுப்பகுதிக்குச் செய்தி போய் அதிரீனலின் வரும். நெஞ்சிடிப்பு, வியர்வை, வாய் காய்வது எல்லாம் அப்போதுதான். அதே நேரம் மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலமஸ் சி.ஆர்.எஃப் என்ற பெப்டைட்டைச் சின்ன இரத்தக் குழாய்கள் வழியாகக் கபச்சுரப்பிக்கு அனுப்பும். வாசோபிரசின் என்ற இன்னொரு பெப்டைட்டும் கூடப் போகும், இரண்டும் சேர்ந்தால் விளைவு கூட. கபச்சுரப்பி அதைப் பெற்று 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.சி.ரி.எச் ஐ இரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அதிரீனல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குப் போய்க் கோர்ட்டிசோலைச் சுரக்க வைக்கும். கோர்ட்டிசோல் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் எடுக்கும்.

அப்புறம் நடப்பதைப் பலர் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிறார்கள். அந்தக் கோர்ட்டிசோல் திரும்ப மூளைக்குப் போய், ஹைப்போதலமஸிலும் ஞாபகத்துக்கு உதவுகிற ஹிப்போகம்பஸ் என்ற பகுதியிலும் கபச்சுரப்பியிலும் தன் வாங்கிகளில் ஒட்டி, "போதும், நிறுத்து" என்று சொல்லும். ஹிப்போகம்பஸில் அந்த வாங்கி இருப்பதை எலிகளில் 1968ல் காட்டியவர் புரூஸ் மக்யூவன். இந்த ஏற்பாடு முடிவுக்கு வருவதற்கென்றே அமைந்தது. ஓடுவதற்கும் ஒளிப்பதற்கும் உடம்புக்குச் சக்தி தந்துவிட்டுத் தானே அடங்க வேண்டும். அடங்க விடாத வாழ்க்கைதான் சிக்கல். அந்தச் செலவு உடம்பில் சேர்ந்துகொண்டே போவதை மக்யூவன் பிறகு தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்.

சி.ஆர்.எஃப் ஐக் கண்டுபிடித்தது யார்?

வைலி வேல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கலிஃபோர்னியாவின் சோல்க் நிலையத்தில், 1981ல், தன் குழுவோடு. ஆனால் அந்த வருடத்தை மட்டும் எழுதினால் கதை தெரியாது.

ஹைப்போதலமஸிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்து கபச்சுரப்பியைத் தூண்டுகிறது என்று 1955லேயே இரண்டு குழுக்கள் காட்டிவிட்டன, ஒன்றில் ரொஜர் கியுமென், மற்றதில் அன்ட்ரூ ஷாலி. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இருவரும் போட்டி போட்டார்கள், முடியவில்லை. பொருள் மிக மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், பிரித்தெடுக்கும்போது குழம்பிவிடும். கடைசியில் இருவரும் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஹைப்போதலமஸின் வேறு பெப்டைட்டுகளைப் பிடித்து 1977ல் நோபல் பரிசும் பெற்றார்கள். வேல் கியுமெனின் மாணவர். ஆசிரியர் விட்ட இடத்தை விடாமல் பிடித்து, ஏறத்தாழ 5 லட்சம் செம்மறியாட்டு மூளைகளிலிருந்து எடுத்த துண்டுகளைக் கரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் 41 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியின் ஒழுங்கை எழுதினார்கள். முதல் அடையாளத்திலிருந்து 26 வருடம்.

அதோடு நிற்கவில்லை. சி.ஆர்.எஃப் கபச்சுரப்பிக்குப் போகிற செய்தி மட்டுமில்லை, பயத்தைக் கையாளுகிற அமிக்டலா போன்ற மூளைப் பகுதிகளுக்குள்ளேயே நரம்புக்கு நரம்பு கதைக்கிற பொருளாகவும் இருக்கிறது என்று தெரியவந்தது. எலியின் மூளைக்குள் அதைச் செலுத்தினால் வெளியே ஒரு ஆபத்தும் இல்லாமலே எலி பயந்தது மாதிரி நடந்துகொள்ளும். 1993ல் முதலாவது வாங்கியும் 1995 அளவில் இரண்டாவது வாங்கியும் பிடிபட்டன. யூரோகோர்ட்டின் என்ற சொந்தக்காரப் பெப்டைட்டுகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முதலாவது வாங்கி இல்லாத சுண்டெலிகள் பயம் குறைந்தவையாக இருந்தன. இரண்டாவது இல்லாதவை சில பரிசோதனைகளில் பயம் கூடியவையாக இருந்தன. ஒன்று கிளப்ப, மற்றது அடக்க என்று முதலில் நினைத்தார்கள். மூளையின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து அதுவும் மாறுகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

அப்படியென்றால் அந்த வாங்கியை அடைக்கிற குளிசை ஒன்று வந்தால் பயம் நின்றுவிடுமே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், பெரிய மருந்துக் கொம்பனிகள் உட்பட. முதலாவது வாங்கியை அடைக்கிற பல மருந்துகளைச் செய்தார்கள். 2000ல் மனச்சோர்வு உள்ள சிறிய குழுவில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது நம்பிக்கை தந்தது, ஆனால் அந்த மருந்து ஈரலைப் பாதிக்கக்கூடும் என்று நிறுத்தப்பட்டது. பிறகு வந்தவை பதகளிப்பு நோயிலும் மனச்சோர்விலும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற மருந்தில்லாத வெற்று மாத்திரையை வெல்லவில்லை. பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு வருகிற மனவடு நோய் உள்ள 128 பெண்களிடம் செய்து 2017ல் வெளியான பரிசோதனையிலும் அதே முடிவு, ஆறு கிழமை மருந்து குடித்தவர்களும் வெற்று மாத்திரை குடித்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேறினார்கள்.

ஏன் தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன. கூண்டுக்குள் எலிக்கு வருகிற பயமும் மனிதருக்கு வருடக்கணக்கில் இருக்கிற துயரமும் ஒன்றில்லை. எல்லா நோயாளிகளுக்கும் சி.ஆர்.எஃப் கூடியிருக்கிறது என்றும் இல்லை, கூடினவர்களை மட்டும் தெரிந்தெடுக்க ஒரு சோதனையும் கைவசம் இல்லை. என்னுடைய எண்ணத்தில் இதையும் சேர்க்க வேண்டும்: நோய் தொடங்கின நேரம் வேலை செய்த பெப்டைட் வேறாகவும், நோயைத் தொடர்ந்து வைத்திருக்கிற காரணம் வேறாகவும் இருக்கலாம்.

ஆராய்ச்சி வீண் போகவில்லை. அதே வகை மருந்து ஒன்று, கிரினெசெர்ஃபொன்ட், 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பயத்துக்கு இல்லை, பிறவியிலேயே அதிரீனல் சுரப்பி பிழையாக வளர்கிற ஒரு வருத்தத்துக்கு. இப்படி முன்பும் நடந்திருக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைட்டை 1931ல் கண்டுபிடித்தார்கள், அதன் வாங்கியை அடைக்கிற மருந்து மனச்சோர்வுக்கு உதவும் என்று 1998ல் பெரிய எதிர்பார்ப்பு, அது பொய்த்தது, ஆனால் 2003லிருந்து அந்த மருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் வருகிற சத்தியை நிறுத்தப் பயன்படுகிறது. சிகிச்சை பெறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

2009 முடிந்து எவ்வளவு காலம். திருவிழாவில் வெடி போட்டால் இன்னும் ஏன் நிலத்தில் குந்துகிறேன்?

ஏனென்றால் உங்கள் மூளை ஒரு காலத்தில் சரியாகப் படித்த பாடம் அது. அந்தச் சத்தத்துக்குக் குந்தினவர் தப்பினார். அமிக்டலா அந்தச் சத்தத்தையும் ஆபத்தையும் சேர்த்துக் கட்டிவைத்தது, சி.ஆர்.எஃப் போன்ற பெப்டைட்டுகளும் நோரதிரீனலினும் அந்தக் கட்டை இறுக்கின. நீங்கள் யோசித்து முடிக்க முன்னரே உடம்பு குந்திவிடும், ஏனென்றால் அந்த வழி, யோசிக்கிற வழியைவிடக் குறுகியது.

பயம் குறைவது மறதியால் இல்லை. பழைய கட்டு அழிவதில்லை, "இந்தச் சத்தம் இப்போது ஆபத்தில்லை" என்ற புதிய படிப்பு நெற்றிப்பக்க மூளையின் உதவியோடு அதன் மேலே வருகிறது. புதிய படிப்பு இடத்தோடு ஒட்டினது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன, ஒரு இடத்தில் அடங்கின பயம் வேறு இடத்தில் திரும்ப எழும்பும். வற்றாப்பளைப் பொங்கலில் பழகிப்போன வெடிச்சத்தம் வவுனியா பஸ் நிலையத்தில் ஒரு ரயர் வெடித்தால் உதவாமல் போகலாம். அதை நீங்கள் பின்னுக்குப் போய்விட்டதாக எடுக்க வேண்டாம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கோயில் நிர்வாகங்களிடமும் கலியாண வீட்டுக்காரரிடமும்: வெடி போடுகிற நேரத்தை முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வரப்போவது தெரிந்தால் உடம்பு காட்டுகிற எதிர்வினை குறைவு என்பது நெருக்கீட்டு ஆராய்ச்சியில் பலமுறை கண்ட விஷயம். காசு செலவில்லை.

செல் துண்டு பட்டும் அந்த நேரம் வலி தெரியவில்லை, நடந்துதான் வந்தேன் என்று அப்பா சொல்கிறார். நம்பலாமா?

நம்பலாம். நீளமான புரதத்தை வெட்டித்தான் பெப்டைட் வருகிறது என்று சொன்னேனல்லவா, கபச்சுரப்பியில் பொம்க் என்ற புரதம் வெட்டப்பட்டு ஏ.சி.ரி.எச் வருகிறது, அதே புரதத்தின் இன்னொரு துண்டுதான் பீட்டா எண்டோர்ஃபின், அபின் வாங்கிகளில் ஒட்டி வலியைக் குறைக்கிற பெப்டைட். நெருக்கீட்டுக்கான செய்தியும் வலி குறைக்கிற பொருளும் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து. மூளைக்குள் என்கெஃபலினும் சேர்ந்து, முள்ளந்தண்டு வடத்திலேயே வலிச் செய்தியைக் குறைத்துவிடுகின்றன. தப்புகிற மட்டும் தாங்கும், பிறகு வலி முழுதாக வரும். அப்பா பெரிதாக்கிச் சொல்லவில்லை.

பெண்களுக்கு இது வேறு மாதிரியா?

பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் மனவடு நோயும் மனச்சோர்வும் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெண்கள் மென்மையானவர்கள் என்று இதற்கு ஒரு சாட்டு எப்போதும் தயாராக இருக்கும். ரீற்றா வலென்ரீனோவின் ஆய்வுகூடத்தில் டெப்ரா பாங்கசர் முதலானோர் செய்து 2010ல் வெளியான எலி ஆய்வை அதற்குப் பதிலாகப் படியுங்கள். மூளைத்தண்டில் லோகஸ் சிரூலியஸ் என்ற சின்னப் பகுதி மூளை முழுவதையும் விழிப்பாக வைத்திருக்கும். அங்கே சி.ஆர்.எஃப் இன் முதலாவது வாங்கி இருக்கிறது. ஆண் எலிக்கு நெருக்கீடு வந்தால் அரெஸ்ரின் என்ற புரதம் வந்து அந்த வாங்கியைப் பிடித்துக் கலத்துக்குள் இழுத்துவிடும், அதனால் கலம் அடங்கும். பெண் எலிகளில் அந்த இழுப்பு நடக்கவில்லை, வாங்கி வெளியிலேயே நின்று செய்தியை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே பெப்டைட், ஒரே நெருக்கீடு, வாங்கியின் நடத்தை மட்டும் வேறு.

இது எலி. மனிதப் பெண்களிலும் இப்படியே என்று சொல்ல முடியாது. மனிதர்களில், அட்லாண்டாவில் கடும் வன்முறையை அனுபவித்தவர்களிடம் செய்து 2011ல் வெளியான ஒரு ஆய்வில், பகாப் என்ற வேறொரு பெப்டைட்டின் அளவு பெண்களில் மட்டும் மனவடு நோயோடு சேர்ந்து கூடியிருந்தது, பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. அத்தோடு, வாங்கியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடவும் கூடாது. வன்னியில் கணவனை இழந்து, மீள்குடியேறின காணியில் தனியாக வீடு கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து, நுண்கடன்காரன் படலையில் வந்து நிற்கிறதையும் சமாளிக்கிற பெண்ணுக்கு நெருக்கீடு கூடுதலாக இருப்பதை விளக்க எலி தேவையில்லை.

பிள்ளை, என்ரை மகனைத் தேடிக்கொண்டிருக்கிறன். எனக்கு நெஞ்சு எப்பவும் இடிக்குது. இதுக்கும் மருந்து இருக்கோ?

அம்மா, நெஞ்சு இடிக்கிறதுக்கு முதலில் ஆஸ்பத்திரியில் இதயத்தையும் பிறஷரையும் தைரொயிட்டையும் பார்க்க வேண்டும், அதை மனக்கவலை என்று சொல்லி விட்டுவிட வேண்டாம்.

அடுத்ததை மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கின போராட்டம் வருடங்களைத் தாண்டியது. மேலே சொன்ன முழு ஏற்பாடும் ஆபத்து வரும், முடியும் என்பதை வைத்து அமைந்தது. இறந்தவருக்கு அழலாம், செத்தவீடு செய்யலாம், அந்தியேட்டி செய்யலாம், ஆட்டத்திவசம் கொடுக்கலாம். பதிலே இல்லாத காத்திருப்பில் அந்த ஏற்பாட்டுக்கு "முடிந்தது" என்ற செய்தி கிடைப்பதே இல்லை. திரும்பத் திரும்ப நெருக்கீட்டுக்குள் வைத்த எலிகளின் ஹைப்போதலமஸில், சி.ஆர்.எஃப் செய்கிற கலங்கள் வாசோபிரசினையும் கூடுதலாகச் செய்யத் தொடங்கும், கோர்ட்டிசோலின் "நிறுத்து" என்ற சொல் எடுபடுவது குறையும்.

இதற்காக அந்த அம்மாக்களை நோயாளிகள் என்று எழுதிவைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். நித்திரைக்கும் பிறஷருக்கும் மருந்து உதவும், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கேட்பது மகன் எங்கே என்ற பதில். அந்தப் பதில் எந்த வாங்கியிலும் ஒட்டுகிற பொருள் இல்லை, கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 2010ல் வன்னி மக்களைப் பற்றி எழுதின ஆய்வு, தனி மனிதரின் மனவடுவோடு நிற்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டதைக் கூட்டு மனவடு என்று பேசியது. அந்தப் பார்வை இல்லாமல் பெப்டைட்டை மட்டும் படிப்பது அரைப் படிப்பு.

எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கிறது?

போர் முடிந்த கையோடு, 2009ன் நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்து 2011ல் வெளியான கணக்கெடுப்பில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் இவை கூட. மனவடு நோயைவிடப் பதகளிப்பும் மனச்சோர்வும் எவ்வளவோ அதிகம் என்பதைக் கவனியுங்கள். போர் நினைவு வந்து திடுக்கிடுகிறவரை ஊர் அடையாளம் காண்கிறது, மெல்ல மெல்லச் சாப்பாடும் பேச்சும் குறைந்துபோகிறவரை ஒருவரும் காண்பதில்லை.

என்னுடைய பயம் என் பிள்ளைக்குப் பரம்பரையாகப் போகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற தாய்மாரின் முகம் எனக்குத் தெரியும், அதனால் முதலில் சொல்கிறேன்: "போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

கனடாவில் மைக்கேல் மீனி குழு 2004ல் வெளியிட்ட எலி ஆய்வு பிரசித்தம். குட்டியை நன்றாக நக்கிச் சீராட்டுகிற தாயிடம் வளர்ந்த குட்டிகளின் ஹிப்போகம்பஸில் கோர்ட்டிசோல் வகை ஓமோனுக்கான வாங்கி கூட, அதனால் நெருக்கீடு சுருக்காக அடங்கும். அந்த வாங்கியைச் செய்கிற பரம்பரை அலகின்மேல் ஏறுகிற வேதியியல் அடையாளம் வளர்ப்பைப் பொறுத்து மாறுகிறது. சீராட்டாத தாயின் குட்டியைச் சீராட்டுகிற தாயிடம் மாற்றிவிட்டால் குட்டி வளர்த்த தாயைப் போலவே ஆனது. ஆகவே இதில் வேலை செய்தது வளர்ப்பு. மனிதரில், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் வைத்து ரேச்சல் யெஹுதா 2015ல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் சொல்வார்கள். அதில் இருந்தவர்கள் மிகக் கொஞ்சப் பேர், அதை வைத்துப் பயம் பரம்பரை அலகில் கடத்தப்படுகிறது என்று தலைப்புப் போடுவது அளவுக்கு மீறினது.

பிள்ளை உங்களைப் பார்த்துப் படிக்கும், அது உண்மை. நீங்கள் ஹெலிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டால் அதுவும் திடுக்கிடும். பிறகு நீங்கள் மூச்சு விட்டு, "ஒன்றுமில்லை அப்பன், அம்மாவுக்கு ஒரு பழைய ஞாபகம்" என்று சொன்னால் அதையும் படிக்கும்.

தனியார் ஆய்வுகூடத்தில் கோர்ட்டிசோல் பார்த்தால் எவ்வளவு ரென்ஷன் என்று தெரியுமா?

தெரியாது. காசை மிச்சம் பிடியுங்கள். கோர்ட்டிசோல் காலையில் எழும்பி அரை மணித்தியாலம் அளவில் உச்சம், நடு இரவில் அடி மட்டம், ஊசிக்குப் பயந்தாலே கூடும். மனவடு நோய் உள்ளவர்களில் பலருக்கு அது கூடவில்லை, சில ஆய்வுகளில் சாதாரண அளவிலும் குறைவு. அந்தச் சோதனை குஷிங், அடிசன் போன்ற சுரப்பி வருத்தங்களைக் கண்டுபிடிக்க வைத்தியர் எழுதுவது.

இதோடு ஒரு முக்கியமான விஷயம். இழுப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் குளிசையை நீண்ட நாள் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருகிற அந்த மருந்து மூளைக்குப் போய் "நிறுத்து" என்று சொல்லிச் சொல்லி உங்கள் சொந்தச் சுரப்பியைத் தூங்க வைத்திருக்கும். திடீரென விட்டால் உயிராபத்து வரலாம். வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவர் குடித்தால்தான் அடங்குகிறார். அது மருந்து மாதிரித்தானே?

முதல் சில மணித்தியாலம் அப்படித் தெரியும். கசிப்போ சாராயமோ, நீண்ட காலம் குடிக்கிறவருக்கு வெறி இறங்குகிற நேரம் அமிக்டலாவில் சி.ஆர்.எஃப் கூடுகிறது என்பதை ஜோர்ஜ் கூப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதாவது அடுத்த நாள் காலையில் வருகிற நடுக்கத்திலும் பதகளிப்பிலும் ஒரு பகுதியை உண்டாக்குவது நேற்றைய குடிதான், அதை அடக்க இன்றைக்கும் குடிக்க வேண்டிவரும். பல வருடக் குடியைத் திடீரென வீட்டில் நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்யுங்கள். அவரைத் திட்டுவதால் சி.ஆர்.எஃப் குறையாது.

ஒக்சிரோசின் மூக்கு மருந்து அன்பையும் நிம்மதியையும் தரும் என்று வீடியோவில் வருகிறதே?

வாங்க வேண்டாம். பிள்ளைப்பேற்றிலும் பால் கொடுப்பதிலும் அதன் வேலை உறுதியானது, அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய டு விக்னோவுக்கு 1955ல் நோபல் பரிசும் கிடைத்தது. மூக்கில் அடித்தால் மனம் மாறும் என்பதற்கான ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்து 2021ல் வெளியான பெரிய பரிசோதனையில் பலன் காணப்படவில்லை.

நித்திரை ஏன் இப்படிக் குழம்புகிறது?

ஒரெக்சின் என்று ஒரு பெப்டைட், 1998ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன, மூளையை விழிப்பில் வைத்திருப்பது அதன் வேலை. நெருக்கீட்டுப் பெப்டைட்டுகள் அதைத் தூண்டும். இரவில் காவல் இருந்து பழகின உடம்புக்கு இருட்டே விழிக்கிற நேரமாகிவிடும். ஒரெக்சின் வாங்கியை அடைக்கிற நித்திரைக் குளிசைகள் 2014லிருந்து சில நாடுகளில் உண்டு. எங்களுக்குக் கைக்கெட்டினது: பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணீரைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது. யானைக்கோ நெல்லுக்கோ காவல் இருக்கிற ஆட்களுக்கு இந்த அறிவுரை சரிவராது என்று எனக்குத் தெரியும், அவர்கள் காவல் இல்லாத நாளில் பகல் நித்திரையை நீட்டாமல் பார்த்தால் கொஞ்சம் உதவும்.

சும்மா கதைத்தால் மூளை மாறுமா?

சும்மா கதைப்பதால் இல்லை, ஒழுங்காகக் கதைப்பதால் மாறும். வடகிழக்கில் ஆழிப்பேரலைக்குப் பிறகு, போரையும் கண்ட 31 பிள்ளைகளிடம் செய்த பரிசோதனை ஒன்று 2009ல் வெளியானது. ஒரு பகுதியினர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களோடு ஆறு தடவை இருந்து தங்கள் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொன்னார்கள், மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் எங்கள் மண்ணில், எங்கள் ஆட்களால் செய்யப்பட்டது, கோடிக்கணக்கில் செலவழித்த குளிசைப் பரிசோதனைகளைவிட எனக்கு அது நம்பிக்கை தருகிறது.

மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். உயிரை மாய்க்கிற எண்ணம் வந்தால் அன்றைக்கே, ஒருவரையும் காத்திராமல். பக்கத்து வீட்டில் ஒருவர் அப்படிக் கதைத்தால் கிருமிநாசினிப் போத்தலை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரீச்சர், நான் இந்த வருடம் உயர்தரம். இதைப் படிக்க எங்கே போகலாம்?

மருத்துவம் கிடைத்தால் உடற்றொழிலியல், மருந்தியல், உளமருத்துவம் மூன்று பக்கத்தாலும் இதற்குள் வரலாம். மருத்துவம் கிடைக்காவிட்டாலும் கதவு சாத்தவில்லை, வேலும் கியுமெனும் செய்த வேலை பெரும்பாலும் இரசாயனம். உயிரியல் விஞ்ஞானமோ உயிர் இரசாயனமோ படித்துவிட்டு மேற்படிப்பில் நரம்பியலுக்கு மாறினவர்கள் எவ்வளவோ பேர். சேதன இரசாயனத்தைப் பரீட்சைக்குப் பிறகு மறக்காதீர்கள், பெப்டைட் முழுக்க அதுதான். புள்ளிவிபரத்தையும் விடாதீர்கள், ஒரு மருந்து வெற்று மாத்திரையை வென்றதா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். முடிந்தால் படிப்புக்கு இடையில் ஒரு உளவளத்துணைப் பயிற்சியும் எடுங்கள். இங்கே வந்து ஆய்வு செய்கிறவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியை, நீங்கள் அந்த அம்மாவோடு திண்ணையில் இருந்து நேரே கேட்கலாம்.